பந்தியில் எடுத்த படம்

மரக்காணத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த பெண், மடியில் லேப்டாப்பைத் திறந்ததுமே, கூடவே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னாள்:

“அண்ணே, நெட்ல இருக்கிற உங்க பிளாக்ல கல்யாண போட்டோ எல்லாத்தையும் அழிச்சிடலாம். அப்ப நீங்க போட்டோகிராபர். இப்ப ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுறீங்க. சாவு வீட்டுக்காரங்க பாக்குற இடத்துல அது நல்லா இருக்காது.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்மா. போன வாரம் உப்பளத்துல வேலை செஞ்ச ஒருத்தரு தவறிட்டாரு. பெட்டியை இறக்கி வச்சிட்டு நிக்கிறேன், பேனருக்குப் போட ஒரு படம்கூட இல்லங்கிறாங்க. ஆதார்ல இருக்கிறதுல முகமே தெரியல.”

“அப்புறம்?”

“எப்பவோ நான் எடுத்த கல்யாணத்துல, பந்தியில சிரிச்சிக்கிட்டு உட்காந்திருந்தாரு. பிளாக்ல தேடி எடுத்துக் குடுத்தேன். அவரை மட்டும் வெட்டி எடுத்து பேனர் அடிச்சாங்க.”

“நல்லதாப் போச்சு.”

ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் முடிந்து தைலமரங்கள் வந்துவிட்டன.

“அவரு சம்சாரம் அந்த பேனரையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து, ‘பக்கத்து எலையில நான் இருந்தேனே, தம்பி’ன்னு கேட்டுச்சு. எதையும் அழிக்காதம்மா.”