குடும்பத்தில் ஆருக்கேனும்

— போனை ஏன் கழட்டி வைச்சிருக்கிறீர்?

— ஆரும் அடிச்சுக் கரைச்சல் குடுப்பினம் எண்டுதான் அக்கா.

— திருப்பிக் கொழுவும். அவசரமெண்டால் நான் அம்புலன்சுக்கு எதால அடிக்கிறது, உம்மட செருப்பாலயோ?

— சரி... கொழுவிட்டன்.

— கார்த் திறப்பு?

— உங்கட ஹான்ட்பாக்குக்க போட்டனான்.

— பாத்ரூம் கதவு?

— பூட்டை முந்தநாளே கழட்டிப்போட்டன்.

— சோதினைக்குப் படிச்ச மாதிரி.

— நேர்ஸ் சொன்னால் செய்யத்தானே வேணும்.

— நேர்சிங் ஹோமில கிழவன்மாரைக் குளிப்பாட்டுற என்னை நேர்ஸ் எண்டுறது, தங்கச்சியைக் கட்டின நீர் ஒராள்தான். உதோ கோப்பைக்க இருக்கிறது?

— ஓம். அந்தப் போதைக் காளான்தான். இஞ்சி போட்டு அவிச்சது. வயித்தைப் பிரட்டாதெண்டு டேவ் சொன்னவர்.

— உம்மட பக்டறி டேவ். எங்கயும் பத்தைக்க பிடுங்கினதோ?

— இல்லை, தெரிஞ்ச ஆள் வளக்கிறது. மனிசி செத்தபிறகு டேவும் அதைத்தான் எடுத்தவர். பக்கத்தில ஒரு டொக்டரம்மா இருந்தவவாம்.

— உமக்கு நான். உம்மட விதி.

— சிரிக்கவேண்டிய இடம் எண்டு விளங்குது அக்கா.

— ம்... வராட்டி விடும். எவ்வளவு போட்டனீர்?

— டேவ் எடுத்ததில பாதி. காணாதெண்டு பிறகு இன்னும் குடிக்கிறேல்லை.

— மனச்சோர்வுக்கு எடுத்த குளிசை?

— டொக்டரே மெல்ல மெல்லக் குறைச்சு நிப்பாட்டினவர். தையில. இப்ப வைகாசி.

— காளான் குடிக்கப்போறதை அவருக்குச் சொன்னீரோ?

— சொன்னனான். எடுங்கோ எண்டு தான் சொல்லேலாதாம், சட்டம் விடாதாம். முந்தி இஞ்ச கனடாவிலயே, சஸ்காச்சுவானில டொக்டர்மாரே இப்பிடிச் சாமானுகள் குடுத்துப் பாத்தவையாம், பிறகு விட்டிட்டினமாம். எடுக்கிறதெண்டால் தனிய இருக்கவேண்டாம் எண்டார்... உங்கட அவருக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?

— யூட் வீட்டு அடுப்பு ஊத்தை, துப்பரவாக்கப் போறன் எண்டு.

— நம்பினவரோ?

— அவரும் உம்மட அடுப்பைப் பாத்தவர்தானே. யூட். இன்னொருக்கால் கேக்கிறன். ஏன் உது?

— போன கிழமை ஜோசி சைக்கிளால விழுந்தது. நாடியெல்லாம் ரத்தம். அப்பா எண்டு கத்துது. நான் போய்க் கழுவி, மருந்து போட்டு, பிளாஸ்ரர் ஒட்டி... எல்லாம் ஒழுங்காச் செய்தனான்.

— பிறகென்ன?

— அவ்வளவுதான். உள்ளுக்க ஒண்டுமில்லை அக்கா. அது என்னை நிமிந்து பாத்துது. பாத்துப்போட்டு அழுகையை விழுங்கிச்சுது. அஞ்சு வயசுப் பிள்ளை. உங்கட தங்கச்சியை, கரோலினைப் புதைக்கேக்கயும், கார் விட இடம் எங்க எண்டு ஆக்களுக்குக் காட்டிக்கொண்டு நிண்டனான். நீங்கள் பாத்தனீங்கள்.

— பாத்தனான்.

— வருசம் திரும்பீட்டுது. இன்னும் அப்பிடியேதான் நிக்கிறன். டேவ் அண்டைக்கு முழுக்க அழுதவராம். எனக்கு அப்பிடி ஒருக்கால் அழுதாலே காணும்.

— சரி... கோப்பையைக் கீழ வையும். உந்தக் காளானைப் பற்றி லைப்ரரியில எடுத்த புத்தகத்தில முதலாவதாப் போட்டிருக்கிற கேள்வியை நான் கடைசிக்கு வைச்சிருக்கிறன்.

— கேளுங்கோ.

— குடும்பத்தில ஆருக்கேனும் மனவருத்தம்... குரல் கேக்கிறது, இல்லாததைக் காணுறது... அப்பிடி?

— இல்லை.

— யோசிச்சுச் சொல்லும். அப்பிடி ஆரும் இருந்தால், உமக்கும் அதை இது எழுப்பிவிட்டாலும் விடுமாம். பிறகு படுக்கவைக்கிறது கஷ்டம்.

— டொக்டரும் கேட்டவர். இல்லையெண்டுதான் சொன்னனான்.

— உம்மட அண்ணர் பேனாட்?

— அவர் இந்தியாவில, மடத்தில. பிரதரா இருக்கிறார். தெரியுந்தானே.

— எந்தச் சபை?

— அது... ஒரு பிரெஞ்சுச் சபை.

— கலியாணத்துக்கு வரேல்லை. செத்தவீட்டுக்கு ஒரு போன்கூட இல்லை.

— அவை கதைக்கிறேல்லை. மௌனம்.

— யூட். நான் இஞ்ச சம்மந்தம் பேச வரேல்லை. ஜோசி என்ர வீட்டில காட்டூன் பாத்துக்கொண்டிருக்கு. பின்னேரம் அதை ஆரட்டைக் கொண்டுவந்து விடப்போறன் எண்டு எனக்குத் தெரியவேணும்.

— ...மடமில்லை.

— ம்.

— மெட்ராசில ஆசுப்பத்திரி. பத்தொன்பது வயசில தொடங்கினது. யன்னலுக்கு வெளியில ஆரோ தன்னைப் பற்றிக் கதைக்கினம் எண்டு, சாக்கு அடிச்சு மூடினவர். பிரதராப் போட்டான் எண்டு சொல்லுவம், ஒருத்தரும் விசாரியாயினம் எண்டு அம்மாதான் சொன்னவ. தங்கச்சிமார் ரெண்டுபேர் கட்ட இருந்தவை. சொல்லிச் சொல்லி... டொக்டர் கேக்கேக்கயும் வாயில அதுதான் வந்தது.

— கோப்பையைத் தாரும்.

— எனக்கு முப்பத்திரண்டு அக்கா. வாறதெண்டால் இதுக்குள்ள வந்திருக்கும்.

— இருக்கலாம். ஒண்டும் வராமலும் விடலாம். ஜோசியை வைச்சுக்கொண்டு அதைச் சோதிச்சுப் பாக்கேலாது. தாரும்.

— ...இந்தாங்கோ.

— சிங்க்கில ஊத்துறன். திங்கக்கிழமை டொக்டரட்டைப் போய் இதைச் சொல்லுறீர். நானும் வாறன். வேற வழி என்ன இருக்கெண்டு அவரையே கேப்பம்.

— கரோலினுக்கும் நான் சொல்லேல்லை. தொண்ணூறில கலியாணம் முடிச்சனாங்கள். ஒவ்வொரு நாளும் செபத்தில பிரதர் பேனாட்டுக்கெண்டு ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுவாள், சபையில சுகமா இருக்கவேணுமெண்டு. நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னனான். ஒண்டும் தெரியாமல் போயிட்டாள்.

— அவளுக்குத் தெரியும்.

— ...என்ன?

— எங்கட சித்தப்பா விசாரிச்சவர். கலியாண எழுத்துக்கு முதலே நான்தான் அவளுக்குச் சொன்னனான்.

— தெரிஞ்சுகொண்டோ இண்டைக்கு வந்தனீங்கள்? போனிலயே மாட்டன் எண்டிருக்கலாமே.

— எண்டிருந்தால் நீர் டேவோட இருந்து குடிச்சிருப்பீர். இல்லையெண்டு சாதிச்சிருந்தாலும் நான் ஊத்தித்தான் இருப்பன்.

— அவள்... அவளேன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?

— கேட்டால் நீர் கூனிக்குறுகிப் போவீர், தானாச் சொல்லட்டும் எண்டவள். எங்களையும் கேக்கவிடேல்லை. செபத்தில நீர்தான் கண்ணை மூடினனீர், யூட். அவள் மூடேல்லை. இண்டைக்கு வாய் திறப்பார், இண்டைக்குத் திறப்பார் எண்டு உம்மையே பாத்துக்கொண்டிருந்தவள்.