இடது முன்னங்கால்

எனக்குக் கூட்டத்தில் பேச வராது ஐயா. பள்ளியில் வருகைப் பதிவேட்டில் என் பெயரை வாசித்தால்கூடப் பக்கத்துப் பெண்தான், "இருக்கா டீச்சர்" என்பாள். அதனால்தான் விலங்கியல் எடுத்தேன். விலங்குகள் கேள்வி கேட்பதில்லை.

அரசு வேலை கிடைத்ததும் ஓர் ஏரியையும் அதிலிருந்த பதினான்கு நீர்நாய்களையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். கரையில் ஓர் அறை, ஒரு நுண்ணோக்கி, ஒரு படகு, அதற்கொரு படகோட்டி. முதல் ஆண்டறிக்கையில், "நீர்நாய் வாழும் நீர் நல்ல நீர்" என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். மேலே யாரோ அதை நிஜமாகவே நம்பிவிட்டார்கள். தண்ணீர்ப் பரிசோதனையை நிறுத்தினார்கள். நீர்நாய் இருக்கும்வரை கரையோரக் குடியிருப்பு அதையே குடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே வாசகர் அவர்.

மூன்றாம் ஆண்டு மேல்கரையில் ரசாயன ஆலை வந்தது. நீர்நாய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியானது நாணலுக்குள் செத்துக் கிடந்தது.

எங்கள் துறையில் எண்ணிக்கை மாறவில்லை என்றால் அறிக்கையைத் தபாலில் அனுப்பினால் போதும். மாறினால் தலைமையகத்தில் குழுவின் முன் நின்று விளக்க வேண்டும். பதினெட்டுப் பேர். ஒலிபெருக்கி வேறு.

நீர்நாய்களை எண்ணுவதற்குக் கால்தடத்தில் சாந்து ஊற்றி அச்செடுப்பது எங்கள் வழக்கம். நான் அந்தச் செத்த நீர்நாயின் காலை வைத்தே ஓர் அச்சு செய்தேன். அதை ஈரக்கரையில் அழுத்தினேன், படம் எடுத்தேன், பதினான்கு என்று எழுதினேன்.

ஒருநாள் படகோட்டி சேற்றை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாமே இடது முன்னங்காலா இருக்கே. மத்த மூணையும் வீட்ல வச்சிட்டு வந்துருச்சா?"

"அது நொண்டி, அண்ணா."

"பதினாலுமா?"

சிரித்தார். படித்த பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். நல்லவேளை, நீர்நாயின் உடலை அழுகாமல் ஃபார்மலினில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வாரமே மற்ற மூன்று கால்களும் தயார். வேலையில் நான் குறை வைப்பதில்லை.

இப்படியே ஆறு வருடம். படகோட்டியின் மகளுக்கு ஏழு வயதில் கை நடுங்க ஆரம்பித்தது.

"பென்சில் நிக்க மாட்டேங்குதும்மா கையில. தண்ணியா இருக்குமோ?"

"நீர்நாய் இருக்குல்ல அண்ணா."

குழந்தைக்குத் தடிமனான பென்சில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிறகு அவள் நடப்பதும் நின்றது. இன்னும் ஐந்து வீடுகளில் அதேபோல். அந்த ஆண்டு அறிக்கையில், குடியிருப்பின் மனத்தெம்புக்காக இரண்டு குட்டிகளைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். எண்ணிக்கை மாறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் அவள் போய்விட்டாள். பென்சிலை அவர் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். சீவாத பென்சில். அலமாரியில் இருந்த நான்கு அச்சுகளையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவர்தானே, கூட்டம் இல்லையே.

அச்சுகள் நான் செய்தவைதான். அறிக்கைகளும் என்னுடையவைதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் தண்ணீர் கெட்டிருந்தது எனக்குத் தெரியாது ஐயா. நகரத்திலிருந்து தினமும் குப்பியில் தண்ணீர் கொண்டுபோனது தொண்டைக்காக. மூன்றாம் ஆண்டிலிருந்து எனக்குத் தொண்டை சரியில்லை.