மிச்ச மாத்திரை டப்பா

பெயர்: பதிவேட்டில் ஒன்று இருக்கிறது, தையல் கூடத்தில் 'ரேடியோ' என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். வயது ஐம்பத்தொன்று. தொழில்: காஜா மெஷினில் பொத்தான் துளை போடுவது, ஊர்வம்பு பேசுவது. குடியிருப்பு: கூடத்தின் பின்சந்து, மாடி.

இறந்துபோன கட்டிங் மாஸ்டர் என் தங்கையின் கணவர். மருந்துக்கடைக்காரர் போலி மாத்திரை கொடுத்து அவரைக் கொன்றுவிட்டார் என்று என் தங்கை கொடுத்த புகார் தொடர்பாக என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

எங்கள் கூடத்தில் நூல்கண்டு அலமாரி மேல் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. யாருக்கு உடம்பு சரியானாலும் மீதி மாத்திரையை அதில் போட்டுவிடுவது வழக்கம். முழுவதையும் தானே விழுங்குகிறவனுக்குக் கஞ்சப்பிசினாறி என்று பட்டம் கட்டுவோம். யாருக்கு எது என்று எடுத்துக் கொடுப்பது நான். எட்டாம் வகுப்பைத் தாண்டாத என்னை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

மழைக்காலத்தில் மாஸ்டருக்கு நீர்க்கடுப்பு வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கினார். "எரிச்சல் போனாலும் நடுவுல நிறுத்தாதீங்க மாஸ்டர், முழுசா சாப்பிடணும்" என்று கடைக்காரர் சொன்னதை, உடன் போன நான் காதால் கேட்டேன். அதன் பிறகு எரிச்சல் சீக்கிரமே நின்றது. "அதான் சரியாயிடுச்சே, மிச்சத்த டப்பால போட்டுடுங்க, யாருக்காவது ஆகும்" என்று என் தங்கை சொல்ல, அவர் கொண்டுவந்து போட்டார். அதன் பிறகு கடுப்பு திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் டப்பாவில் கிடந்ததில் நாலைந்து எடுத்துக் கொடுத்தேன். "மச்சான், இன்னைக்கு சிவப்பா மஞ்சளா?" என்பார். "உங்க சட்டைக்கு மஞ்சள்தான் மேட்ச், மாப்ளே" என்பேன். சிரித்துக்கொண்டே விழுங்குவார்.

அதன் பிறகு குளிர்காய்ச்சல் கண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெட்டுமேசை மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து மாற்றி மருந்து ஏற்றினார்கள். "எதுக்கும் கிருமி அசையல. அரைகுறையா குடுத்துக் குடுத்து அத மருந்துக்குப் பழக்கிட்டீங்க" என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். அதன் பிறகு மாஸ்டருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. விரல்கள் மட்டும் போர்வையின் மேல் துணி அளப்பதுபோல் சாண் சாணாக நகர்ந்தன. பிறகு நின்றன.

கடைக்காரர் கொடுத்த மாத்திரை போலி அல்ல. அவரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னது அத்தனையும் உண்மை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் என் தங்கைக்கு இதைப் படித்துக் காட்டும்போது மட்டும், மிச்சத்தை டப்பாவில் போடச் சொன்னது நான் என்று படிக்கவும்.

(கையொப்பம்)