பேனா காட்டிய பக்கம்

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கணக்கெடுத்துவிட்டு வந்த இருவர், ஆண்டிமடத்தில் அரியலூர் பஸ் ஏறி எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் வீட்டைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து அடுத்தடுத்த வீடுகளில் கேட்க வேண்டும் என்பது விதி.

"முதல் வூட்டை எப்படிப் புடிச்சீங்க?" என்றார் இருவரில் கண்ணாடி போட்டவர்.

"ரூல்படிதான். ஊர் நடுவுல நின்னு பேனாவச் சுத்தி விட்டேன். முந்திரிக்காட்டுப் பக்கமே காட்டுச்சுங்க."

"அவ்வளவு தூரம் நடந்தீங்களா?"

"இல்லீங்க, பஸ் ஸ்டாப்பைக் காட்டுற வரைக்கும் திரும்பத் திரும்பச் சுத்துனேன். அங்க எல்லாப் புள்ளைக்கும் போட்டாச்சு. இனிமே நர்ஸம்மா இந்த ஊருக்கு வர வேணாம்னு எழுதிட்டேன்."

இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த பெண் குனிந்தாள்.

"சார், எங்க வூடு முந்திரிக்காட்டுலதான். ஊசி போடத்தான் டவுனுக்குப் போறேன். அப்ப இவனுக்கும் போட்டாச்சுங்களா? இப்படியே எறங்கிக்கவா?"