நாலு டிவியும் ஒரு சுவரும்

பழைய பிக்சர் டியூப் டிவியைத் தூக்கும்போது கண்ணாடிப் பக்கம் நம் நெஞ்சோடு ஒட்டி இருக்க வேண்டும். பாரமெல்லாம் முன்பக்கத்தில்தான், பின்பக்கம் வெறும் டப்பா. இது தெரியாதவர்கள் பின்பக்கத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒரு வாரம் படுத்துக்கிடப்பார்கள். எனக்கு அப்படி ஒருமுறைகூட ஆனதில்லை. எதையும் நிதானமாகச் செய்கிறவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு. வருகிறவர்கள் கத்துவார்கள், நான் காது கொடுத்துக் கேட்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே கோபம் இறங்கிவிடும்.

இந்த டாக்டரிடம் எப்போதும் கூட்டம். எங்கள் டோக்கன் வர நேரமாகும். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் மகள் தூங்குகிறாள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, நடந்ததை உங்களிடம் சொல்லிவிடலாம்.

எனக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஊர் சுற்றும் பழக்கம் கிடையாது. ஒரே ஒரு ஆசை, பழைய வீடியோ கேம்களுக்கு ஒரு அறை. புதிய தட்டை டிவியில் அவற்றை மாட்டினால் படம் நனைந்த பேப்பர் மாதிரி தெரியும். துப்பாக்கி வைத்துச் சுடும் ஆட்டமோ சுத்தமாக வேலையே செய்யாது. அந்தத் துப்பாக்கிக்கு டியூப் டிவியின் வெளிச்சம்தான் கண். அதனால் யார் யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய டிவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நாலு சேர்ந்தன. பெட்டி நிறைய கேசட்டுகள், வயர் பிய்ந்து நான் ஒட்டுப்போட்ட ஜாய்ஸ்டிக்குகள்.

வீட்டில் மூன்று அறைகள். ஒன்று எங்களுடையது. ஒன்று ஜன்னலில்லாத பொந்து, சாமான் போடுகிற இடம். என் டிவிகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது பெரிய அறை, பொந்துக்கு அடுத்த சுவர். அதில் என் கொழுந்தியாள் இருந்தாள். பெற்றோர் போன பிறகு என் மனைவிதான் அவளை வளர்த்தாள். குட்டி என்றுதான் கூப்பிடுவோம். கூடப்பிறந்தவர்கள் என்றாலும் வயதில் தாயும் மகளும் மாதிரி. நர்சிங் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆபீஸ் விட்டு வந்தால் காபி போட்டுத் தருவாள், நான் கேட்காமலே.

ஒரு சாயங்காலம் பொந்தின் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, இங்க ஏதாவது ஓடுதா? கீ...ன்னு ஒரே சத்தம். காதுக்குள்ள ஊசி விட்ட மாதிரி இருக்கு, படிக்கவே முடியல."

"வால்யூம சுத்தமா கொறச்சுத்தாம்மா வெச்சிருக்கேன்."

உண்மையாகவே எனக்கு எதுவும் கேட்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டோம், அவளுக்கும் கேட்கவில்லை. அவள் அச்சகத்தில் மேற்பார்வை. பகலெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்று, வீட்டு அழைப்பு மணியையே ரெண்டு தடவை அடித்தால்தான் திரும்பிப் பார்ப்பாள். "படிச்சுப் படிச்சு உனக்குத் தலைவலிடி," என்று தைலம் தேய்த்துவிட்டாள். இதுவரை என் மேல் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

பிறகு டியூப் அண்ணன் கடைக்குப் போனேன். டிவி மெக்கானிக், எனக்கு செட்டுகளைச் சரிபார்த்துக் கொடுப்பவர். பேசிக்கொண்டிருந்தபோது காலேஜில் படிக்கிற அவர் மகள் வந்தாள். வாசல்படியிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்பா, உள்ள ஒரு செட்டு ஓடுது பாரு, அணைக்கல," என்றாள். உள்ளே எல்லாத் திரையும் இருட்டு. அவர் ஒரு செட்டின் பின்னால் கையை விட்டுத் தடவி, அணைத்தார்.

"அட ஆமா. எனக்கு இந்த விசில் சத்தம் கேக்கறது நின்னு எத்தனையோ வருஷமாச்சு சார். இளசுங்க காதுக்குத்தான் அது கேக்கும். உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்லையே."

"அப்ப நமக்கெல்லாம் வயசாயிடுச்சு, விடுங்க."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். குட்டியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நல்ல வேடிக்கைதானே. ஆனால் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, சத்தம் வருதோ வரலையோ, அவ படிச்சு முடிக்கற வரைக்கும் அந்த டிவியெல்லாம் போட வேணாம். நாளைக்கு சீட்டு கிடைச்சாலும் இங்கேருந்துதானே போய்ட்டு வரப்போறா. அந்தப் பொந்துல ஒரு அலமாரி போட்டு அவ புஸ்தகம் வெச்சுக்கட்டுமே. இந்த டப்பாவையெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்களேன்."

அலமாரி. எனக்கு ஒரு அறை போதவில்லை என்று நான் தவித்துக்கொண்டிருக்க, இருக்கிற பொந்தையும் கேட்டாள். ஆனாலும் நான் குரலை உயர்த்துகிறவன் இல்லை. "சரி, இனிமே போடல," என்றேன். விசில் விஷயத்தை அப்போது சொல்ல ஏனோ மனம் வரவில்லை.

டிவியில் பிரைட்னஸ் என்று ஒரு குமிழ் உண்டு. அதை அடிமட்டத்துக்குத் திருப்பிவிட்டால் திரை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். உள்ளே செட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். நாலுக்கும் ஒரே சுவிட்ச், என் நாற்காலிக்குக் கீழே. நாலையும் குட்டியின் சுவரோடு ஒட்டி வைத்தேன். வேறு இடமும் இல்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அங்கே புத்தகம் படிப்பேன். ஆடவில்லை. ஆட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே.

"அக்கா, இன்னமும் கேக்குதுக்கா," என்று அழுதாள் குட்டி. என் மனைவி வந்து கதவைத் திறந்து பார்த்தாள். "நீயே பாரேன்," என்றேன். நாலும் இருட்டாக இருந்தன. நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, பொய் என்று ஒன்று சொல்லவே இல்லை.

குட்டி கெட்டிக்காரி. கொஞ்ச நாளிலேயே கவனித்துவிட்டாள். "பகல்ல வரதே இல்லக்கா. மாமா வீட்டுக்கு வந்தப்புறம்தான் வருது," என்றாள். அதுதான் அவளுக்கு வினையானது. என் மனைவியின் முகம் மாறிவிட்டது. தங்கைக்காக எதையும் பொறுப்பவள், புருஷன் மேல் பழி வந்ததைப் பொறுக்கவில்லை. "உனக்காக இத்தன வருஷம் சம்பாதிச்சுப் போட்ட மனுஷன்டி," என்றாள். அன்று மனைவி மேல் எனக்கு இருந்த மரியாதை கூடியது. மனநல டாக்டரிடம் போனார்கள். வீட்டு ஆண் வந்ததும் இவளுக்கு மட்டும் சத்தம் கேட்கிறது என்றால் டாக்டர் என்ன நினைப்பார், அதைத்தான் நினைத்தார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டதும் குட்டி புத்தகத்தின் மேலேயே தூங்கிவிழ ஆரம்பித்தாள். விழித்திருக்கும்போது காதில் பஞ்சு, அதன் மேல் துண்டு.

ஒருநாள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். நேராகப் போய் ஒரு திரைக்குப் பக்கத்தில் கையை நீட்டினாள். ஓடுகிற டியூப் டிவிக்கு அருகில் கையைக் கொண்டுபோனால் ரோமம் எழும்பி நிற்கும். நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, இது ஓடுது."

அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அதில் கோபம் துளியும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட சந்தோஷம். "அக்கா, அக்கா," என்று கூப்பிட்டுக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள். நான் காலால் சுவிட்சை அழுத்தினேன்.

சத்தம் நின்றிருக்க வேண்டும். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மனைவி ஈரத்துணியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "தொட்டுப் பாருக்கா," என்றாள் குட்டி. மனைவி திரையை ஒரு துடை துடைத்தாள், கையையும் வைத்துப் பார்த்தாள்.

"தூசுதாண்டி இருக்கு. இப்பவும் கேக்குதா?"

"இப்ப நின்னுடுச்சு."

மனைவி அழத் தொடங்கினாள். குட்டி அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "சரிக்கா. எனக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு," என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

தேர்வு அன்று வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். இடம் மாறினால் சரியாகும் என்று வேறு ஊரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினோம். பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான்தான். அங்கே அந்தச் சத்தம் வரவில்லையாம், குணமாகிவிட்டாள் என்று எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. நூல் கடையில் வேலை பார்க்கிறாள். போன் மணி அடித்தால், எடுப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம், "போன் அடிக்குதா?" என்று கேட்டுக்கொள்வாளாம். பெரியம்மா சொல்லும்போது என் மனைவி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பெரிய அறை என்னுடையதானது. சுவருக்கு அடர்நீலப் பெயிண்ட் நானே அடித்தேன். டிவிகளை வரிசையாக மேசை மேல் ஏற்றினேன், எதிரே தாழ்வான நாற்காலிகள், வயர் ஒன்றுகூட வெளியே தெரியாது. பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். வருகிறவர்கள்தான் குறைவு.

மகள் அதற்கு அடுத்த வருடம் பிறந்தாள். பல வருடம் ஏங்கிப் பெற்றது, என் உயிர். கைக்குழந்தையாக இருந்தபோது சாயங்காலமானால் வீறிட்டு அழுவாள். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுப்பாள் மனைவி. நான் என் அறைக்குப் போய்விடுவேன், குழந்தை அழுதால் எனக்குத் தாங்காது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகப் போகிறாள். போன வாரம் மனைவி சொன்னாள், "பாப்பாவுக்கு ஒரு ரூம் வேணும்ங்க. உங்க ரூமத்தான் குடுக்கணும்." சரி, யோசிக்கலாம் என்றேன். அன்று சாயங்காலமே கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, சாத்தியிருந்த என் கதவைப் பார்த்து, "அம்மா, அங்க கீ...ன்னு கத்துது," என்றாள்.

மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இவளுக்குமா," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நான் உள்ளே போய் செட்டுகளை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை நான் எதுவுமே செய்யவில்லை. அணைத்த செட்டுகளை மறுநாள் மறுபடியும் போட்டேன், அவ்வளவுதான். நான் என்ன கேட்டுவிட்டேன், ஒரு அறைதானே.

எங்கள் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். அதே டாக்டர்தான், கெட்டிக்காரர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று முதலில் கேட்பார். மனைவியால் சொல்ல முடியாது, அழுதுவிடுவாள். நான்தான் சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறேன்: இவள் சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.