எல்லைக்கு வெளியே இருந்த பம்ப் அறை

நான் மேலே கண்ட முகவரியில் என் அம்மாவுடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது முப்பத்தெட்டு. சாய ஆலையின் அலுவலகத்தில் நிலைத்தன்மை அறிக்கை எழுதும் வேலை பார்க்கிறேன். தண்ணீருக்கும் காற்றுக்கும் வேலையாட்களுக்கும் ஆலை செய்த நல்லது கெட்டதை வருடா வருடம் வெளியே சொல்லும் அறிக்கை அது. அதில் வரும் சொற்களுக்கு விளக்கம் எழுதுவதும் நான்தான். 'அறிக்கை எல்லை' என்பது, எது தன் பொறுப்பு, எது இல்லை என்று நிறுவனம் தானே கிழித்துக்கொள்ளும் கோடு.

என் தம்பி அதே ஆலையில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தான். போன வருடம் பம்ப் அறைக்குள் இருந்த கழிவுநீர்க் குழியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயு தாக்கி இறந்துபோனான். அதன் பிறகுதான் குழியை மூடி, அந்த அறைக்கு ஜன்னல் வைத்தார்கள்.

அதன் பிறகு அறிக்கையில் உயிரிழப்பைச் சேர்ப்பது பற்றி மேலாளரிடம் கேட்டேன். எதற்கெடுத்தாலும் பசுமை, பசுமை என்பதால் அவரை எல்லோரும் பச்சை என்போம். அவர், "பம்ப் ரூமை காண்ட்ராக்டருக்கு விட்டாச்சும்மா, அது நம்ம எல்லைக்கு வெளிய. ஜீரோன்னு போடு" என்றார். செத்தது என் தம்பி என்று தெரிந்தே சொன்னார். நான் போட மறுத்ததால் அவரே போட்டுவிட்டு டீ குடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதன் பிறகு என் அம்மா நியாயம் கேட்டுப் போன இடத்திலெல்லாம், ஆலையில் யாரும் சாகவில்லையே என்று அந்த அறிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

நேற்று அறிக்கையைச் சோதிக்க வெளியிலிருந்து சரிபார்ப்பாளர் வந்தார். வழக்கமாக அவரைத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள்ளேயே சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவோம். அவர் வருவதற்கு முன், மோட்டாரில் ஏதோ சத்தம் என்று சொல்லிப் பச்சையைப் பம்ப் அறைக்குக் கூட்டிப்போய், அவர் உள்ளே போனதும் வெளியிலிருந்து பூட்டினேன். அதன் பிறகு சரிபார்ப்பாளரை அந்த வழியாக அழைத்து வந்தேன். கதவு இடிபட்டுக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க எனக்கு மனசு குளிர்ந்தது.

"என்னங்க சத்தம்?" என்று அவர் கேட்டார்.

"அது எங்க எல்லைக்கு வெளிய சார், எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்றேன்.

உள்ளேயிருந்து பச்சை, "இது நம்ம கம்பெனி ரூம்தாண்டி, திற!" என்று கத்தினார். சரிபார்ப்பாளர் என்னைப் பார்த்தார், பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டினார். நான் சாவியைக் கொடுத்து, என் தம்பி செத்த இடத்தைக் காட்டினேன்.

அதன் பிறகு பச்சை இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரை இப்போது எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'எங்கள் நிறுவனத்தின் பம்ப் அறையில் என்னை அடைத்து வைத்தாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடைத்தது நான்தான். அதற்காக வருத்தப்படவில்லை. அந்த ஒரு வரி அவர் கையால் வரவேண்டும் என்றுதான் பூட்டினேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, அந்தப் புகாரில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், ஒரு நகலை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)