நான்காவது இடம்

பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்துவிட்டேன். மூன்றாவது முறையும் தப்பானால் எங்கள் மென்பொருள் பூட்டிக்கொள்ளும். அப்புறம் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, நான் நான்தான் என்று நிரூபித்து, திறந்துவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். சாதாரணமாக எனக்கு அப்படி ஆகாது மேடம். நிதானமான ஆள் என்று இந்த மாடியில் எனக்குப் பெயர்.

பக்கத்தில் இருந்த கட்டிலில் டிரம்பெட்காரர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் ஒரு கையில் ஊசியைப் பிடித்தபடி என் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

"என்னய்யா பண்றே? திறந்துச்சா இல்லையா?"

"திறக்குது டாக்டர்."

"நுரையீரல்ல ரத்தம் கட்டி அடைச்சிருக்கு. இந்த ஊசி போட்டா கரைஞ்சிடும். ஆனா இவர் உடம்புல நம்ம ட்ரையல் மருந்து இருந்துதுன்னா, ரெண்டும் சேர்ந்து உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டிடும். மருந்தா, டம்மியா? ஒரே வார்த்தை. சீக்கிரம் சொல்லு."

மூன்றாவது முறை திறந்தது. 'அவசரத் திறப்பு' என்ற சிவப்புப் பட்டனை அழுத்தினேன். காரணம் கேட்டது. 'உயிருக்கு ஆபத்து' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். நிச்சயம்தானா என்று இன்னொரு முறை கேட்டது. நிச்சயம் என்றேன். சக்கரம் சுற்றி நின்றது.

அறை வாசலில் என் அக்கா நின்றிருந்தாள்.

"மருந்து" என்றேன்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். ரத்தக்கட்டியை அறுத்து எடுக்கலாமா என்று ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். தியேட்டர் தயாராகிவிட்டது என்று கீழேயிருந்து போன் வந்தபோது, டிரம்பெட்காரர் போய்ச் சேர்ந்திருந்தார்.

இது போன மழைக்காலத்தில் நடந்தது. நீங்கள் தணிக்கைக்கு வந்திருப்பது அதற்காக அல்ல என்று எனக்குத் தெரியும். ஆய்வு முடிந்துவிட்டது, மூடி வைத்திருந்ததையெல்லாம் திறந்துவிட்டார்கள். யாருக்கு மருந்து விழுந்தது, யாருக்கு டம்மி விழுந்தது என்ற பட்டியல் உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துக்கொண்டே மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"மத்த சென்டர்லல்லாம் கலந்து விழுந்திருக்கு. உங்க சென்டர்ல மட்டும் மருந்து வாங்கினவங்க பாதிக்கு மேல சின்னக் குழந்தை வச்சிருக்கிறவங்க. டம்மி வாங்கினவங்க பெரும்பாலும் தனிக்கட்டைங்க. குலுக்கல்ல அப்படி விழுமா சார்?"

விழாது. நான்தான் விழவைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம்.

இந்த நோயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து கெட்டியாகிவிடும். புது மருந்து அதை நிறுத்துகிறதா என்று பார்க்கத்தான் ஆய்வு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே பாட்டிலில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பெயரைப் பதிந்து பட்டனை அழுத்துவேன். மென்பொருள் உள்ளுக்குள் குலுக்கிப் போட்டு ஒரு பாட்டில் எண்ணை மட்டும் காட்டும்.

ஆனால் அது முழுக் குலுக்கல் இல்லை. நான்கு பேர் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் இரண்டு மருந்து, இரண்டு டம்மி. இது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியக்கூடாத விஷயம். பயிற்சி வகுப்பில் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். நானும் மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

மீதியை நோயாளிகளே சொன்னார்கள். காத்திருக்கும் அறையில் வேறென்ன பேச்சு இருக்கும்.

"உங்களுக்கு வாய் கசக்குதா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. சர்க்கரையே கசக்குது. வீட்டுக்காரி சமையல் நல்லாயில்லன்னு நெனச்சு ரெண்டு நாள் சண்டை போட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

மாவு கசக்காது, மேடம். மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரத்தில் யாருக்கு எது என்று எனக்குப் புரிந்துவிடும். ஒரு கட்டுக்குள் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் நான்காவது இடம் திறந்த புத்தகம். அந்த இடத்துக்கு யாரை அனுப்புவது என்பது என் கையில். வேண்டாதவரை நிறுத்தி வைக்க ஆயிரம் வழி இருக்கிறது. ரத்த ரிப்போர்ட் வரவில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது. அடுத்த வாரம் வாருங்கள்.

முதல் தடவை, இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்காகச் செய்தேன். குழந்தை என் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரைக் கேட்டு அழுதது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிறகு அது வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. நான்காவது இடம் டம்மி என்று தெரிந்தால், அதற்கும் ஒரு ஆள் வேண்டும் அல்லவா. மகள் போனை எடுக்காத ஒரு பெரியவரை அனுப்பினேன். ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவரை அனுப்பினேன். அவருக்கு முதுகு வலிக்கும் என்று நாற்காலியில் போட ஒரு தலையணை வாங்கிக் கொடுத்தேன். அவர்களில் சிலர் இப்போது இல்லை. இது அப்படிப்பட்ட நோய்.

டிரம்பெட்காரர் வந்தது அதற்குப் பிறகு.

இசைக்குழுவில் வாசித்தவர். மனைவி இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஊதி ஊதியே நுரையீரல் கெட்டுவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார். என் அக்கா கீழே பில் கவுன்டரில் இருக்கிறாள், நீங்கள் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி போட்டவள். மதியம் இரண்டு டப்பாவோடு மேலே வருவாள். காத்திருக்கும் அறையின் கோடி நாற்காலிகளில் உட்கார்ந்து நாங்கள் சாப்பிடுவோம். ஒருநாள் அவர் எதிரில் உட்கார்ந்து, மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த, உள்ளே பந்து வைத்த பிளாஸ்டிக் குழாயை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஒரு காலத்துல நான் ஊதினா கடைசி வரிசையில தூங்கறவன் எழுந்து உக்காருவான். இப்ப இந்தப் பந்துகூட அசைய மாட்டேங்குது பாருங்க" என்றார்.

"ஊதுங்க ஊதுங்க. ஆனா ஒவ்வொரு ஊதலுக்கும் பில் உண்டு" என்றாள் அக்கா.

அவர் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. அப்பா அம்மா ஒருவர் பின் ஒருவராகப் போனபோது நான் டிரவுசர் போட்ட பையன். அவள் அந்தக் கவுன்டரில் உட்கார்ந்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். பிறகு வந்தவர்களிடம் தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்றாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அந்த மாதத்திலிருந்து அவள் மூன்று டப்பா கொண்டுவந்தாள்.

அவர் என்னை முதலில் சார் என்றார். அப்புறம் தம்பி. ஒருநாள் எல்லோர் முன்னாலும், "என்ன மச்சான், நம்ம ரிப்போர்ட் வந்துச்சா?" என்றார். அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்தது. எனக்குக் கோபம் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று வீட்டில் தட்டு கழுவிக்கொண்டே கேட்டாள்.

"டேய், இந்தக் குலுக்கல் யாரு கையில இருக்கு?"

"கம்ப்யூட்டர் கையிலக்கா."

"அந்தக் கம்ப்யூட்டர் யாரு கையில இருக்கு?"

அவள் குழாயை மூடினாள்.

"உங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன்."

"பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். அப்போது நடந்துகொண்டிருந்த கட்டுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு லாரி டிரைவர், அவருக்கு வாய் கசந்தது. ஒரு வாத்தியார், அவருக்குக் கசக்கவில்லை. ஒரு தையல்காரம்மா. அவரை நானே போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க சார், நல்லாத்தான் இருக்கேன், ஒரு குறையும் இல்ல" என்றார். ஆக, ஒரு மருந்து, இரண்டு டம்மி. மிச்சமிருக்கும் நான்காவது இடம் மருந்து. சந்தேகத்துக்கே இடமில்லை. வரிசையில் முன்னால் நின்ற இருவரைப் பிரிண்டர் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டு, டிரம்பெட்காரர் பெயரைப் பதிந்து பட்டனை அழுத்தினேன்.

"மருந்துதான் விழுந்திருக்கு. விழவச்சிட்டேன்" என்று அக்காவிடம் சொன்னேன்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

"உன்னைப் படிக்க வச்சது வீண் போகலடா."

எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, மேடம். வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட அவள் இப்படிச் சொன்னதில்லை. அன்று இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

அவருக்கு வாய் கசக்கிறதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். "கசப்பா? உங்க அக்கா சமைச்சதைச் சாப்பிடறவனுக்கு எப்படி மச்சான் கசக்கும்?" என்றார். எதைக் கேட்டாலும் தமாஷாகப் பதில் சொல்கிற ஆள். மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சிரமமாக இல்லை.

அப்புறம் அந்த மழைநாள். அதைச் சொல்லிவிட்டேன்.

அவர் டிரம்பெட் இப்போது எங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. வாங்கிக்கொள்ள அவருக்கு வேறு யாரும் இல்லை. அக்கா அதைத் துடைப்பாள், ஊத மாட்டாள். மறுபடியும் இரண்டு டப்பாதான் கொண்டுவருகிறாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே, "நீ செய்ய வேண்டியதைச் செஞ்சே. அவருக்குத்தான் அந்த மருந்து எமனா அமைஞ்சிடுச்சு. அது இல்லாட்டி ஊசி போட்டிருப்பாங்க. கேட்டு வாங்கிக் குடுத்தது நான். எம்மேலதான் தப்பு" என்றாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். இப்போதும் அவ்வப்போது சமாதானப்படுத்துகிறேன்.

இன்று காலை நீங்கள் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தீர்கள். என் கணக்கு சரியா என்று எனக்கும் ஆவல்தான். ஸ்டேப்ளர் குழந்தையின் அம்மா, மருந்து. பெரியவர், டம்மி. கணக்காளர், டம்மி. எல்லாம் நான் நினைத்தபடி. லாரி டிரைவர், மருந்து. வாத்தியார், டம்மி.

தையல்காரம்மா, மருந்து.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு அங்கேயே, ஸ்பீக்கரில் போட்டு, தையல்காரம்மாவைக் கூப்பிட்டீர்கள். அந்தம்மா சொன்னதை நானும் கேட்டேன்.

"கசந்துச்சுங்கம்மா, வாயில வைக்க முடியாம கசந்துச்சு. சொன்னா பேரை எடுத்துடுவாங்கன்னு பயம். அந்த சார்தான் சொன்னாரு, ரொம்பக் குறை சொன்னா லிஸ்ட்ல இருந்து தூக்கிடுவேன்னு."

சொன்னேன். எல்லோரிடமும் சொல்வேன். காத்திருக்கும் அறையில் சிரிப்பு வர வேண்டும் என்பதற்காக.

போனை வைத்துவிட்டு நீங்கள் அடுத்த வரியைப் படிக்கவில்லை. "ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா சார்?" என்று கேட்டீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் எனக்கு அதில் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. தையல்காரம்மாவின் பயம் மட்டும்தான் இன்று தெரிந்தது. நான்காவது இடத்தில் இருந்தது என்னவென்று எனக்கு மழைக்காலத்திலேயே தெரியும். டாக்டரின் குறிப்புகள் கீழே கட்டுக்கட்டாக இருக்கின்றன. நாளைக்கு அவற்றையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பீர்கள். ஒரு வார்த்தை இடிக்கும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சக்கரம் நின்றதும் திரையில் வந்தது, டம்மி.

ஒரே வார்த்தை. படிக்கத் தெரியாமல் இல்லை. அக்கா வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உன்னைப் படிக்க வச்சது வீண் போகலடா என்று சொன்ன அதே முகம். அந்த முகத்துக்கு நேராக என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. நான் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்ததையே மறுபடி சொன்னேன். சொல்லிவிட்டுத் திரையை மூடினேன். அக்காவுக்காகத்தான் செய்தேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

உடனே டாக்டர், "சொந்தக்காரங்க வெளிய இருங்கம்மா" என்றார். நர்ஸ் அக்காவை அழைத்துக்கொண்டு போய் அறைக்கதவைச் சாத்தினார். ஊசி தட்டிலேயே இருந்தது, என் கைக்கு எட்டுகிற தூரத்தில். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவர் உயிரோடுதான் இருந்தார்.

அந்த முக்கால் மணி நேரமும் அக்கா அறைக்குள் இல்லை.